வெண்டைக்காய்த் தண்ணியும் என் மனசும்



வழக்கமாக நான் இங்கே எழுதுவது கிருத்திகை, சஷ்டி விரதம், பழநி பாதயாத்திரை அனுபவம், இப்படித்தான் இருக்கும். இன்று எழுதப்போவது கோயில் விஷயம் இல்லை, என் வீட்டு விஷயம். மூணு தடவை எழுத உட்கார்ந்து, "இதையெல்லாம் ஊருக்குச் சொல்லணுமா" என்று எழுந்து போய்விட்டேன். அப்படி எழுந்து போனதும் இந்த விஷயத்தைச் சேர்ந்ததுதான். படிச்சு முடிக்கும்போது உங்களுக்கே புரியும்.

முந்தின வருஷம் ஐப்பசியில் எனக்கு ரத்தப் பரிசோதனை செய்தபோது சர்க்கரை எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. எங்க அப்பா கடைசிப் பத்து வருஷம் மாத்திரை டப்பாவோடு வாழ்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அந்த டப்பா என் கைக்கு வருவதை மனசு ஒத்துக்கலை. சரியா அந்தச் சமயத்தில் ஒரு குரூப்பில் அந்தச் செய்தி வந்து விழுந்தது. ரெண்டு வெண்டைக்காயைக் காம்பு நறுக்கி, நீளவாக்கில் கீறி, ஒரு டம்ளர் தண்ணியில் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வெறும் வயித்தில் அந்தத் தண்ணியைக் குடிக்கணும். சர்க்கரை ஓடியே போயிடும். கடைசியில், மருந்துக் கம்பெனிகள் உங்களிடம் மறைக்கும் ரகசியம் என்று ஒரு வரி.

குடித்தேன். கொழகொழ என்று இருக்கும், மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குடிக்கணும். கூடவே காலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். ராத்திரிச் சாதத்தை விட்டேன். டீயில் சர்க்கரையை விட்டேன். தையில் மறுபடி பார்த்தபோது அளவு இறங்கியிருந்தது. பெருமை யாருக்குப் போச்சு? நடைக்கா? சாதத்தை விட்டதுக்கா? வெண்டைக்காய்க்குத்தான் போச்சு.

அன்றைக்கே அந்தச் செய்தியை எங்க குடும்ப குரூப்பில் போட்டேன். என் அக்கா வீட்டுக்காரர், எங்க அத்தான், மதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கிறவர். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. ஒழுங்காக மாத்திரை போட்டுக்கிட்டிருந்தார். நான் முப்பது வருஷம் ஆபீஸ் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன். அத்தான் கண்ணில் நான் "படிச்சவன்". நான் சொன்னால் சரியாத்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம். மாத்திரையை நிறுத்திட்டு வெண்டைக்காய்க்கு மாறினார். அது எனக்குத் தெரியும். தெரியாது என்று ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தேன். ஆனால் தெரியும்.

ஆடி மாசம் வயல் வரப்பில் கருவேல முள் குத்தியிருக்கு. சர்க்கரை முத்திப்போன காலில் வலி சரியாகத் தெரியாது. பத்து நாள் கழிச்சு, வாடை வருதே என்று அக்காதான் காலைத் தூக்கிப் பார்த்திருக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மூணு மாசச் சராசரி பதினொன்றைத் தாண்டியிருந்தது. இடது காலில் ரெண்டு விரலை எடுத்தார்கள்.

இப்போ ஒரு விஷயம் சொல்றேன், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் ஆச்சு. ஆபரேஷன் நடந்த அன்றைக்கு வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? முருகா முருகா என்று சொல்லிக்கிட்டே போனை எடுத்து, நாலு குரூப்புக்கு இயற்கை வைத்தியச் செய்திகளை அனுப்பிக்கிட்டிருந்தேன். சாதாரண நாளில் ஒண்ணு அனுப்புவேன். அன்றைக்கு நாலு. உள்ளே ஒரு மனுஷனுக்கு விரலை எடுக்கிறாங்க. வெளியே நான் அதே வைத்தியத்துக்கு ஆள் சேர்த்துக்கிட்டிருக்கேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லீங்க. அப்போ எனக்கு அது கொஞ்சம்கூட விநோதமாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கு.

அக்கா மகளுக்கு இருபத்தி நாலு வயசு, நர்சிங் முடிச்ச பொண்ணு. மூணாம் நாள் சாயந்திரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டது. "மாமா, அப்பா மாத்திரையை நிறுத்தினது உங்க மெசேஜ் பார்த்துத்தானே?"

அது கேட்டு முடிக்கிறதுக்குள்ளே என் வாயிலிருந்து பதில் வந்துவிட்டது. "நான் மாத்திரையோட சேர்த்துக் குடிக்கத்தானே சொன்னேன்?" அது ஒண்ணும் சொல்லலை. நானே தொடர்ந்தேன். "அதோட, அத்தான் வாய்க்கட்டுப்பாடு இல்லாதவரு, உனக்கே தெரியும். முள் குத்தினா வெண்டைக்காய் என்ன பண்ணும்? செருப்பு போட்டிருக்கணும். அப்புறம், நான் என்ன டாக்டரா? வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான். நல்லதுதானே நினைச்சேன்."

அந்தப் பொண்ணு வாதாடலை. அப்பா போனை எடுத்து, தையில் நான் அனுப்பின செய்தியைத் தேடி என் கையில் கொடுத்தது. வந்த செய்திக்குக் கீழே நானே சொந்தமாகத் தட்டச்சு செய்த ரெண்டு வரி இருந்தது. "அத்தான், நம்பிக் குடிங்க. மாத்திரை எல்லாம் கிட்னியைத்தான் கெடுக்கும்."

என் எழுத்து. என் பேர். என் போட்டோ, நெத்தியில் விபூதியோடு.

நான் பொய் சொல்லலைங்க. "மாத்திரையோட சேர்த்து" என்று எழுதினதாகவே எனக்கு நினைவு இருந்தது. சத்தியம் பண்ணச் சொன்னால் சந்நிதியில் நின்று கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணியிருப்பேன். அந்த நினைவை யார் எனக்குள்ளே எழுதி வச்சது? அந்தக் கேள்விதான் என்னைப் புத்தகம் பக்கம் தள்ளியது.

மனோதத்துவத்தில் இதுக்கு ஒரு பேர் இருக்கு. காக்னிட்டிவ் டிசோனன்ஸ். தமிழில் அறிதிறன் முரண்பாடு என்கிறார்கள். நான் எனக்குப் புரிந்தபடி சொல்றேன். ஒரே மனசுக்குள்ளே ஒத்துப்போகாத ரெண்டு விஷயம் சேர்ந்து இருக்க முடியாது, உறுத்தும். "நான் நல்லவன், நாலு பேருக்கு உதவுகிறவன்" என்பது ஒண்ணு. "என் பேச்சைக் கேட்டதால் அத்தானுக்குக் கால் போச்சு" என்பது இன்னொண்ணு. ரெண்டும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாத ஓர்ப்படிகள் மாதிரி. யாராவது ஒருத்தர் வெளியே போகணும். போவது எப்பவுமே ரெண்டாவது ஆள்தான். "நான் நல்லவன்" என்பது வீட்டுப் பத்திரத்தையே தன் பேரில் வச்சிருக்கிற ஆள் ஆச்சே.

இதை முதலில் ஒரு கொள்கையாக எழுதினவர் லியோன் ஃபெஸ்டிங்கர் என்கிற அமெரிக்கர், 1957-ல். அவருக்கு இந்த யோசனை வர ஒரு காரணம் நம்ம நாட்டில் நடந்த சம்பவம். 1934 ஜனவரி 15-ம் தேதி பீகாரில் பெரிய பூகம்பம். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஜமுனா பிரசாத் என்கிற ஆராய்ச்சியாளர், அதுக்கப்புறம் ஜனங்களிடையே பரவின வதந்திகளைச் சேகரிச்சு எழுதினார். ஆட்டத்தை உணர்ந்தும் சேதம் எதுவும் ஆகாத ஊர்களிலும் வதந்தி இருந்தது. இன்னும் பெரிய ஆபத்து வரப்போகுது என்ற வதந்தி. பயந்துபோன ஜனங்கள் ஆறுதல் சொல்லும் வதந்தியைத்தானே நம்பணும், ஏன் இன்னும் பயமுறுத்துகிறதை நம்பணும்? ஃபெஸ்டிங்கர் சொன்ன விளக்கம் இது: உடம்பு நடுங்குது, பயம் வந்துடுச்சு, ஆனால் சுத்தி முத்திப் பார்த்தால் பயப்பட ஒண்ணும் இல்லை. பயத்துக்கு ஒரு நியாயம் வேணும். வதந்தி அந்த நியாயத்தைக் கொடுத்தது. பயம் முதலில் வந்தது, காரணம் பின்னால் வந்தது.

இதைப் படிச்சபோது எனக்கு அப்பாவின் மாத்திரை டப்பா ஞாபகம் வந்தது. எனக்கும் பயம்தான் முதலில். மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்ற நம்பிக்கை அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டது. நான் என்னமோ ஆராய்ந்து முடிவு எடுத்தவன் மாதிரி பேசிக்கிட்டிருந்தேன்.

அதே ஃபெஸ்டிங்கரும் ரெண்டு சகாக்களும் 1956-ல் இன்னொரு புத்தகம் எழுதினார்கள். சிகாகோ பக்கத்தில் ஒரு அம்மா, வேற கிரகத்துக்காரர்கள் தனக்குச் செய்தி அனுப்புகிறார்கள் என்று சொன்னார். 1954 டிசம்பர் 21 அன்று பெரு வெள்ளம் வந்து எல்லாம் அழியும், நம்மை மட்டும் பறக்கும் தட்டு வந்து கூட்டிப்போகும். ஒரு சின்னக் கூட்டம் நம்பியது. ராத்திரி உட்கார்ந்து காத்திருந்தார்கள், உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது என்று துணியில் இருந்த ஜிப்பைக்கூடப் பிய்ச்சு எடுத்தார்கள். தட்டும் வரலை, வெள்ளமும் வரலை. விடியும் முன்னே புதுச் செய்தி வந்தது: உங்கள் பக்தியால் உலகம் காப்பாற்றப்பட்டது! அதுவரைக்கும் பத்திரிகைக்காரர்களை அண்டவிடாதவர்கள், அன்றைக்குத் தாங்களே பத்திரிகைகளுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள் என்கிறது அந்தப் புத்தகம். பொய்த்துப்போன நம்பிக்கையை விட்டுவிடுவதற்குப் பதிலாக, அதற்கு ஆள் சேர்க்கக் கிளம்பினார்கள். நாலு பேர் சேர்ந்து நம்பினால் அது கொஞ்சம் உண்மை ஆகிவிடுகிறது இல்லையா?

ஆஸ்பத்திரி பெஞ்சு. நாலு குரூப்பு. அமெரிக்காவுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. அந்த சிகாகோ புத்தகத்தின் மேலே கடுமையான குறைகள் சொல்லப்பட்டிருக்கு. ஆராய்ச்சிக்காரர்கள் பக்தர்கள் போல நடிச்சு உள்ளே அனுப்பின ஆட்களே கூட்டத்தின் போக்கை மாத்திட்டாங்க என்று. இந்தக் கொள்கைக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் ஒரு வகைப் பரிசோதனையை, பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து மறுபடி செய்து 2024-ல் வெளியிட்டபோது, எதிர்பார்த்த முடிவு வரவில்லை. இதைப் படித்ததும் எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? "இவனுங்களுக்கு வேற வேலை இல்லை, சரியா செஞ்சிருக்க மாட்டானுங்க." ஒரு வரி முழுசா படிக்கலை, அதுக்குள்ளே தீர்ப்பு. இந்தக் கொள்கை எனக்கு ஒரு ஆறுதலாக ஆகிப்போச்சு, அதை யாரும் தொடக்கூடாது. அப்போதான் சிரிப்பு வந்தது. முரண்பாட்டைப் பற்றிப் படிச்ச புத்தகத்தையே வெண்டைக்காய் ஆக்கிட்டேன். கொள்கையில் எவ்வளவு நிற்கும், எவ்வளவு விழும் என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் வாயிலிருந்து பதில் எவ்வளவு வேகமாக வந்தது என்பதற்கு நானே சாட்சி.

அந்த வேகம்தான் நான் சொல்ல வந்தது. மனசு உறுத்தும், அதை வச்சுக் கண்டுபிடிச்சுடலாம் என்று நினைக்கிறோம். உறுத்தவே உறுத்தாது. உறுத்துவதற்கு முன்னாடியே மனசு மருந்து போட்டுவிடும். நமக்குத் தெரிவது மருந்து மட்டும்தான். என் மருந்தைப் பாருங்க. மாத்திரையோட சேர்த்துத்தான் சொன்னேன். அவர் வாயைக் கட்டலை. தப்பு முள் மேலே. நான் வெறும் தபால்காரன். நல்லதுதான் நினைச்சேன். அஞ்சு காரணம். ஒண்ணு உண்மையாக இருந்தால் இன்னொண்ணு தேவையே இல்லை. வெறும் தபால்காரன் "மாத்திரையோட சேர்த்து" என்று ஏன் அறிவுரை சொல்றான்? கணக்கு பார்த்தவன் என்ற முறையில் சொல்றேன், ஒரு செலவுக்கு அஞ்சு ரசீது வந்தால் அந்த வவுச்சரை நான் பாஸ் பண்ணவே மாட்டேன்.

இன்னொண்ணும் நடந்தது. அந்தப் பொண்ணு போனைக் கையில் கொடுத்த அந்த நொடியில் எனக்கு வெட்கம் வரலை. அது மேலே கோபம்தான் வந்தது. "நேத்துப் பிறந்தது, ரெண்டு எழுத்து படிச்சதும் பெரியவங்களை எதிர்த்துக் கேட்குது." கேட்ட கேள்வியை விட்டுட்டு, கேட்ட ஆளைச் சின்னதாக்கப் பார்த்தேன். வருஷா வருஷம் சுவாமிமலைக்குப் போய், அப்பனுக்கே பாடம் சொன்ன சாமி, தகப்பன்சுவாமி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன் நான். அங்கே அப்பன் கை கட்டி, வாய் பொத்தி, பிள்ளையிடம் கேட்டுக்கொண்ட கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்றேன். என் வீட்டுப் பிள்ளை வந்து சொன்னதும் எனக்குக் காது அடைச்சுப்போச்சு.

நம்ம பழமொழிகளை நினைச்சுப் பாருங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம். நான் பிடிச்ச முயலுக்கு மூணே கால். குப்புற விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலை. சீச்சீ இந்தப் பழம் புளிக்கும். எந்த ஃபெஸ்டிங்கரும் வருவதற்கு முன்னாடியே நம்ம ஆட்கள் இந்த விஷயத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிச்சு வச்சிருக்காங்க. ஆனால் ஒண்ணு கவனிச்சீங்களா? இதில் ஒரு பழமொழியையாவது யாரும் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கிட்டதை நான் கேட்டதில்லை. எல்லாமே அடுத்த வீட்டுக்காரனுக்குத்தான். என் மீசையை எனக்கு எப்படித் தெரியும், கண்ணாடி வேணுமே.

ஒரு தடவை கண்ணாடி கிடைச்சதும் வேற வேற மண்ணெல்லாம் கண்ணில் பட ஆரம்பிச்சது. என் மகன் கல்யாணத்தில் நான் வரதட்சணை வாங்கவில்லை. பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கேன். பொண்ணு பார்க்கப் போன அன்றைக்கு நான் சொன்ன வார்த்தை இன்னும் ஞாபகம் இருக்கு: "நாங்க எதுவும் கேட்கலை. உங்க பொண்ணுக்கு நீங்க என்ன செய்யணும்னு நினைக்கிறீங்களோ செய்யுங்க." நாற்பது பவுன் வந்தது. சம்பந்தி ஊரில் ஒரு இடத்தை விற்றார் என்று அப்புறம் காதில் விழுந்தது. நான் கேட்கவில்லை, அது உண்மைதான். எந்த மாதிரிச் சொன்னால் கேட்காமலே வரும் என்பது எனக்குத் தெரிஞ்சிருந்தது, அதுவும் உண்மைதான். ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வச்சுப் பார்க்கப் பதினோரு வருஷம் ஆகியிருக்கு.

வேண்டுதல் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதினதாக ஆகாது. பையனுக்கு வேலை கிடைக்கணும் என்று பழநியில் முடி இறக்க வேண்டிக்கிட்டேன். கிடைச்சது, முருகன் அருள். அதுக்கு முன்னாடி ரெண்டு இடத்தில் கிடைக்காமல் போச்சு. அப்போ என்ன சொன்னேன்? இதைவிட நல்லதை எடுத்து வச்சிருக்கான். ரொம்ப நாள் எதுவுமே வராமல் இருந்தப்போ? நம்ம கர்மா. யோசிச்சுப் பார்த்தால், என்ன நடந்தாலும் முருகன் தோற்க முடியாதபடி நான் கணக்கு எழுதியிருக்கேன். கோபப்படாதீங்க. இந்தக் கணக்கை நான் மாத்தப்போவதில்லை. பெத்த தாயிடம் யாரும் ரசீது கேட்பதில்லை, என் பக்தி அந்த வகை. ஆனால் அந்தப் பழக்கம் கோயில் வாசலோடு நிக்கலை. சர்க்கரை இறங்கினால் வெண்டைக்காயின் மகிமை. ஏறினால் காய் முத்தல், ஊறினது பத்தலை. முருகனுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய சலுகையை ஒரு காய்க்கும் கொடுத்துட்டேன். அவன் சாமி. அது சாம்பார்ல போடறது.

ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித் என்பவரும் 1959-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை என் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் உப்புச்சப்பில்லாத வேலை. நூல்கண்டு உருளைகளைத் தட்டில் அடுக்கு, எடு, மறுபடி அடுக்கு. பலகையில் செருகிய முளைகளைக் கால் சுத்து திருப்பு, மறுபடி திருப்பு. முடிச்சதும், வெளியே காத்திருக்கும் அடுத்த ஆளிடம் "வேலை சுவாரஸ்யமா இருந்தது" என்று சொல்லச் சொன்னார்கள். சிலருக்கு அதுக்குக் கூலி இருபது டாலர். சிலருக்கு ஒரே டாலர். அப்புறம் உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்டபோது, இருபது வாங்கினவர்கள் அறுவை என்றார்கள். ஒரு டாலர் வாங்கினவர்கள்தான் பரவாயில்லை, நல்லாத்தான் இருந்தது என்றார்கள். இருபது டாலருக்குப் பொய் சொன்னவனுக்கு, காசுக்காகச் சொன்னேன் என்று தெரியும். ஒரு டாலருக்குச் சொன்னவனுக்கு அந்தச் சாக்கு இல்லை. சொன்னதை அவனே நம்பினால்தான் நிம்மதி.

மேலே சொன்ன 2024 சந்தேகம் இந்த வகைப் பரிசோதனையைப் பற்றியதுதான், அதனால் இதை நான் தராசில் வச்சு அடிச்சுச் சொல்லலை. ஆனால் என் விஷயத்தில் ஒண்ணு உறைத்தது. நான் யாரிடமும் ஒரு பைசா வாங்கலை. லேகியம் விற்கிறவனாக இருந்திருந்தால், பாட்டிலுக்கு இவ்வளவு லாபம் என்று மனசின் ஒரு மூலையில் தெரிஞ்சிருக்கும். இலவசமாகச் செய்தேன், சேவையாகச் செய்தேன், அதனாலேயே அவ்வளவு உறுதியாக நம்பினேன். "ஒரு பைசா வாங்காம செய்யறேன்" என்பதை இதுவரை என் நல்ல மனசுக்குச் சான்றாகத்தான் நினைச்சிருந்தேன்.

போன மாசம் குடும்ப குரூப்பில் எழுதினேன். "தையில் நான் அனுப்பின வெண்டைக்காய்ச் செய்தியை நம்ப வேண்டாம். மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று எழுதினது நான்தான், அது தப்பு. யாரும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நானும் இப்போது மாத்திரை போடுகிறேன்." நாலே வரி. எழுதி முடிக்க ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. முதலில் எழுதினதில் "ஒருவேளை தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருந்தால்" என்று ஒரு வார்த்தை தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. அழிச்சேன். "நல்லெண்ணத்தில் அனுப்பியது" என்று இன்னொண்ணு வந்தது. அதையும் அழிச்சேன். விரல் அந்த இடத்துக்கு வந்தாலே ஏதாவது ஒண்ணு முளைக்குது.

மற்ற மூணு குரூப்பிலும் போட்டேன். வைத்தியச் செய்திக்கு வரும் கும்பிடு, பூங்கொத்து எதுவும் இதுக்கு வரலை. ஒருத்தர் மட்டும், அவர் மாமியாருக்கு வெண்டைக்காய்த் தண்ணியால் குணமானதாக எழுதினார். அதுக்குப் பன்னிரண்டு கும்பிடு.

மறுநாள் ஊருக்குப் போனேன். அத்தான் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கென்று செய்த செருப்பு பக்கத்தில் இருந்தது. குரூப்பில் போட்டதைப் படிச்சேன் என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்து, "அத்தான், நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது" என்றேன். அதுக்கு மேலே பேசவிடாமல் அவரே கையைக் காட்டினார்.

"விடு மாப்ள. நீயா வந்து ஊத்தி விட்ட? நான்தானே குடிச்சேன். என் நேரம்."

சொன்ன உடனே எனக்கு நெஞ்சில் ஒரு கனம் இறங்கிச்சு பாருங்க, அவ்வளவு சுகமா இருந்தது. ஆமாம், அவராகத்தானே குடிச்சார் என்று உள்ளே ஒரு குரல் உடனே எழுந்து உட்கார்ந்தது. அக்கா உள்ளேயிருந்து காபி கொண்டு வந்தது. நான் டம்ளரைக் கையில் வாங்கி, ரொம்ப நேரம் அந்தச் செருப்பையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.